சர்வர்களுக்கு விட்ட பூஜை லீவு

உயிரோடு இருக்கிறாயா என்று கேட்டால், இருக்கிறேன் என்றுதான் எந்த சர்வரும் சொல்லும். இந்த வேலைக்கு வந்த புதிதில் பட்டுத் தெரிந்துகொண்டது இது. உள்ளே ஒன்றும் ஓடாது, ஒருவருக்கும் பதில் போகாது, ஆனால் கேட்டால் மட்டும் பச்சைப் புள்ளியைக் காட்டிக்கொண்டு நன்றாக இருக்கிறேன் என்று நிற்கும். ஆகவே அதனிடம் கேட்கக் கூடாது. வெளியிலிருந்து ஒரு நோயாளியைப் போல உள்ளே போய், பெயரைக் கொடுத்து, பதில் வருகிறதா என்று பார்க்க வேண்டும். வந்தால்தான் அது உயிரோடு இருப்பதாக நான் ஒத்துக்கொள்வேன்.

நோயாளி என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. நான் வேலை பார்க்கும் கம்பெனி, செங்கல்பட்டைச் சுற்றியுள்ள சின்னச் சின்ன டயாலிசிஸ் சென்டர்களுக்கு மென்பொருள் செய்து தருகிறது. கம்பெனி என்றதும் கண்ணாடிக் கட்டடத்தைக் கற்பனை செய்ய வேண்டாம். மாமல்லபுரத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஈசிஆர் ஓரம். கீழே படகு இன்ஜின் ரிப்பேர் கடை, மேலே நாங்கள். யார் எந்தக் கிழமை வர வேண்டும், எந்த நாற்காலி, போன முறை எத்தனை கிலோ இருந்தார், உடம்பிலிருந்து எவ்வளவு தண்ணீர் எடுத்தார்கள், எடுத்தபோது மயக்கம் வந்ததா, எல்லாம் எங்கள் மென்பொருளில்தான் இருக்கும். சென்டரில் உள்ள சிஸ்டர் பெயரைத் தட்டினால் திரையில் வரும். அதைப் பார்த்துத்தான் மிஷினில் அளவு வைப்பார்கள்.

மென்பொருளை எழுதுகிறவர்கள் வேறு ஆட்கள். அது ஓடும் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது நான். சர்வர் எங்கள் மாடியில் இல்லை. மும்பையில் யாருடைய ஏசி கட்டடத்திலோ இருக்கிறது, மணிக்கணக்கில் வாடகை. முன்பெல்லாம் மென்பொருளில் சின்ன மாற்றம் என்றாலும் ஒவ்வொரு சர்வராக உள்ளே போய், பழையதை நிறுத்தி, புதியதை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடவிட வேண்டும். கை தவறினால் ஒரு சென்டரே நின்றுபோகும். நான் வந்து அந்தக் கூத்தை ஒழித்துக்கட்டினேன். எத்தனை சர்வர் வேண்டும், ஒவ்வொன்றிலும் என்னென்ன இருக்க வேண்டும், எது முதலில் எழ வேண்டும், எது அதன் பிறகு என்றெல்லாம் எழுதி வைத்துவிட்டால் போதும், மிச்சத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். புதிய மாற்றம் வந்தால் சோதித்துப் பார்த்து ஏற்றும். சரிப்படவில்லை என்றால் பழையதற்கே திரும்பும். ஒரு சர்வர் படுத்துவிட்டால் அதைத் தூக்கிக் கடாசிவிட்டு வேறொன்றை எழுப்பும், எனக்கும் ஒரு போன் போடும். இத்தனையையும் செய்வது தனியாக ஒரு குட்டி சர்வர். ஆபீசில் அதற்குக் காவல்காரன் என்று பெயர்.

சும்மா சொல்லக் கூடாது, நான் நிம்மதியாகத் தூங்கியது காவல்காரன் வந்த பிறகுதான்.

இனி அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அச்சரப்பாக்கத்தில் நெல் வியாபாரம் செய்துகொண்டிருந்தவர். சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு வாரம் மூன்று முறை பஸ் ஏறி செங்கல்பட்டுக்கு டயாலிசிஸுக்கு வருகிறார். அந்த சென்டரும் எங்கள் வாடிக்கைதான். கேளம்பாக்கத்தில் என்னோடு வந்து இருந்துவிடு என்றால் கேட்க மாட்டார். இப்போது கடையைப் பார்த்துக்கொள்ளும் அம்மா அதை விட்டு நகர மாட்டாள், அம்மாவை விட்டு இவர் நகர மாட்டார். நானும் கத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

சென்டரில் அவர் செய்த ஒரே தவறு வாயைக் கொடுத்தது. பக்கத்து நாற்காலிக்காரர்கள், சிஸ்டர்கள், டீ கொண்டு வருகிறவர் என்று ஒருவர் பாக்கியில்லாமல், "இந்த கம்ப்யூட்டர் கீதே, இத்தை ஓட்றது எம்பொண்ணுதான்" என்று சொல்லி வைத்திருந்தார். ஏதோ நான் ஷேர் ஆட்டோ ஓட்டுகிற மாதிரி. திரை கொஞ்சம் மெதுவாக வந்தாலும் எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்ப்பார்களாம். அவரும் உடனே எனக்குப் போன் போட்டு, "இன்னாம்மா, இன்னிக்கு நொண்டிகினு போவுது" என்பார். எனக்குக் கடுப்பாக இருக்கும். கொஞ்சம் பெருமையாகவும் இருக்கும், அதை மறைப்பானேன்.

ஆயுத பூஜைக்கு வருகிறேன். எங்கள் முதலாளி கடலோரக் குப்பத்துக் குடும்பம். படித்துவிட்டு கம்பெனி வைத்தவர்தான், ஆனால் சில விஷயங்களில் இன்னும் கரையில்தான் நிற்கிறார். அவர்கள் வீட்டில் பூஜையன்று படகு இன்ஜினுக்குப் பொட்டு வைத்துவிட்டால் மறுநாள் காலையில் கும்பிட்டு எடுக்கும் வரை அதன்மேல் விரல் படக் கூடாது. உழைத்த பொருள் ஒரு ராத்திரியாவது சும்மா கிடக்க வேண்டும் என்பது கணக்கு. பூஜைக்குச் சில நாள் முன்பு என் மேசைக்கு வந்து நின்றார்.

"இன்னாம்மா, நம்ம சர்வருக்கு மட்டும் லீவே கெடையாதா?"

"அது மிஷினுண்ணா. அதுக்கு இன்னா லீவு?"

"மிஷினுக்குத்தாம்மா ஆயுத பூஜ. மனுசனுக்கா போட்றோம்?"

அவரே தொடர்ந்தார். "சென்டர்ல எல்லாம் மதியத்தோட மிஷினைக் கழுவி, பொட்டு வெச்சி, மூடிகினு பூடறாங்கோ. மறுநா காலையிலதான் தொறப்பாங்க. ஆளில்லாத வூட்டுக்கு எதுக்கு லைட்டு எரியணும்?"

இதில் நியாயம் இருந்தது. எந்த சென்டரும் திறந்திருக்காத நேரத்துக்கு வாடகை கொடுப்பது வீண்தான். சாயங்காலம் எல்லா சர்வரையும் நிறுத்தி, விடியற்காலை முதல் ஷிப்டுக்கு முன்னால் திரும்ப எழுப்பும்படி காவல்காரனிடம் எழுதி வைத்தேன். காவல்காரனை மட்டும் அதில் சேர்க்கவில்லை. எழுப்ப ஒருவன் முழித்திருக்க வேண்டுமே.

அந்த வருஷம் பூஜையை ஒட்டி சென்டரில் முறையை மாற்றி வைத்ததில், அப்பாவின் முறை வழக்கத்தைவிடத் தள்ளி விஜயதசமி காலைக்குப் போனது. எனக்கு அது பிடிக்கவில்லை. டயாலிசிஸ் ஆட்களுக்கு உடம்பில் சேரும் தண்ணீர் தானாக வெளியே போகாது. இடைவெளி நீண்டால் முதலில் கால் வீங்கும், பிறகு தண்ணீர் நெஞ்சுக்கு ஏறும், படுத்தால் மூச்சு முட்டும். பூஜையன்று போனில் கேட்டபோது, "ராத்திரி ரெண்டு தலைகாணி வெச்சி சாஞ்சிகினேன், ஒண்ணும் பேஜாரு இல்ல" என்றார். இரண்டு தலையணை என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். தண்ணீர் குடிக்காதே என்று கத்திவிட்டு வைத்தேன்.

பூஜை நன்றாகத்தான் நடந்தது. மோடத்துக்குப் பொட்டு, யுபிஎஸ்ஸுக்குப் பொட்டு, ஏசி ரிமோட்டுக்குக்கூடப் பொட்டு. என் லேப்டாப்பில் சந்தனத்தை அப்பியதில் ஒரு பட்டன் இன்றுவரை ஒட்டிக்கொள்கிறது. சர்வர்களுக்கு எப்படிப் பொட்டு வைப்பது என்று ஒரு விவாதம் நடந்தது. கடைசியில் அவற்றின் வரிசையைப் பெரிய திரையில் போட்டு, அதற்குக் கற்பூரம் காட்டினார் முதலாளி. சரியாக அந்த நேரம் பார்த்து காவல்காரன் வேலையைத் தொடங்கியது. திரையில் பச்சைப் புள்ளிகள் ஒவ்வொன்றாகச் சாம்பல் நிறமாகிக்கொண்டே வந்தன. எல்லோரும் கை தட்டினார்கள். காவல்காரனின் புள்ளி மட்டும் பச்சையாக நின்றது. கீழே பூசணிக்காய் உடைத்தார்கள். நான் பொரிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு பஸ் பிடித்துக் கேளம்பாக்கம் வந்து சேர்ந்தேன்.

நான் கிளம்பிய பிறகு நடந்தது எனக்கு மறுநாள்தான் தெரிந்தது, ஆனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முதலாளி ஆபீசைப் பூட்டும் முன் திரையைப் பார்த்திருக்கிறார். அத்தனையும் தூங்க, ஒன்று மட்டும் முழித்துக்கொண்டிருக்கிறது. வருஷம் பூரா அதிகம் உழைத்ததும் அதுதான். அவருக்கு மனசு கேட்கவில்லை. செல்போனில், சர்வரை வாடகைக்கு விடுகிறவர்களின் பக்கத்தைத் திறந்து, காவல்காரனையும் நிறுத்தியிருக்கிறார். நிச்சயமாகவா என்று அது கேட்டிருக்கும். நிச்சயமாக என்றிருக்கிறார்.

எழுப்ப வேண்டியவனையே தூங்க வைத்தாயிற்று. ஏதாவது தப்பானால் எனக்குப் போன் போட வேண்டியவனும் அவன்தான். ஆகவே விஜயதசமி காலையில் எந்த சர்வரும் எழவில்லை, எனக்கு எந்தப் போனும் வரவில்லை, நான் சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தேன். என்னை எழுப்பியது அப்பா.

"யம்மா, உன் மிஷினு எழுந்திரிச்சிதா?"

"இன்னா நைனா?"

"இங்க டிவி மட்டும்தான் தெரியுது. உன்னுது ஒண்ணும் வரலியாம். சிஸ்டர் தட்டித் தட்டிப் பாக்குது."

எழுந்து உட்கார்ந்து, போனை சிஸ்டரிடம் கொடுக்கச் சொன்னேன். வழக்கமான சிஸ்டர் பண்டிகைக்கு ஊருக்குப் போயிருக்க, அவருக்குப் பதிலாக வேறு சென்டரிலிருந்து வந்தவர் இவர். குரலிலேயே பதற்றம். "மேடம், எனக்கு இங்க யாரையும் தெரியாது. போன வாட்டி எவ்ளோ எடுத்தாங்கன்னு தெரியாம நான் எப்டி போடறது? அதிகமா எடுத்துட்டா பிரஷர் எறங்கி மயங்கிடுவாங்க. டாக்டருக்குப் போன் பண்ணிக் கேட்டுகினு, ரொம்ப முடியாதவங்களுக்கு மட்டும் ஒவ்வொருத்தரா போடறேன். நீங்க சீக்கிரம் பாருங்க." அவர் சொன்னது முழுக்க முழுக்கச் சரி. அவரைத் திட்டக்கூட வழியில்லை.

லேப்டாப்பைத் திறந்தேன். காவல்காரன் உட்பட ஒரு புள்ளிகூடப் பச்சையில்லை. யாருடைய வேலை என்று யோசிக்க நேரமில்லை, ஆனால் கெட்ட வார்த்தை சொல்ல நேரம் இருந்தது, சொன்னேன்.

இப்போது இரண்டு வழி. ஒன்று, எல்லாவற்றையும் ஒரே அமுக்காக அமுக்கி எழுப்புவது. சீக்கிரம் முடியும், ஆனால் ஆபத்து. நோயாளிகளின் விவரம் இருக்கும் சர்வர் மெதுவாகத்தான் எழும். அதற்கு முன்னால் மற்றவை எழுந்துவிட்டால் திரை வரும், பெயர் வரும், பழைய அளவு இருக்கும் இடம் மட்டும் காலியாக வரும். பார்க்கிறவருக்கு, இவர் இன்றைக்குத்தான் முதல்முறை வந்திருக்கிறார் என்று தோன்றும். அந்தக் காலியை நம்பி யாராவது ஊசி போட்டால் அவ்வளவுதான். இன்னொரு வழி முறைப்படி எழுப்புவது. முதலில் காவல்காரன், பிறகு விவரம் இருக்கும் சர்வர், அது முழுக்க எழுந்து நின்றதைப் பார்த்த பிறகு மற்றவை. குறித்த நேரம் தாண்டிவிட்டதால் காவல்காரன் தானாக இதைச் செய்யாது, நான்தான் செய்ய வேண்டும், நேரமாகும்.

முறைப்படி செய்ய வேண்டும் என்று புத்தி சொல்கிறது. அப்பாவின் நெஞ்சில் ஏறிக்கொண்டிருக்கும் தண்ணீர் வேறொன்றைச் சொல்கிறது. காவல்காரனை எழுப்பிவிட்டு, எல்லாவற்றையும் அமுக்கிவிடலாமா என்று விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போது அப்பா மறுபடி கூப்பிட்டார்.

"யம்மா, எனக்குப் போட்டுட்டாங்க. படுத்துகினு கீறேன். நீ டென்சனாவாத, நெதானமா பாரு."

"நெசமாவா? டாக்டர் சொல்லிப் போட்டாங்களா?"

"ஆமாம்மா. வை, வை. கையை ஆட்டக்கூடாதாம்."

மூச்சு வந்தது. அப்பா சொன்னதை நம்பினேன். விரலை எடுத்தேன். விவரம் இருக்கும் சர்வரை மட்டும் எழுப்பிவிட்டு, அது நிற்கும்வரை பொறுத்திருந்தேன். முகம்கூடக் கழுவினேன். பிறகு மற்றவற்றை ஒவ்வொன்றாக எழுப்பி, சோதனைக்கென்றே நாங்கள் வைத்திருக்கும் ஒரு பொய் நோயாளியின் பெயரைக் கொடுத்து, அவருடைய பழைய அளவு ஒழுங்காக வருகிறதா என்று வெளியிலிருந்து பார்த்தேன். வந்தது. சிஸ்டரைக் கூப்பிட்டேன். "வந்துடுச்சு மேடம், எல்லாம் தெரியுது" என்றார். அவர் குரலைக் கேட்டு எனக்கு அழுகை வந்தது. அழவில்லை, பஸ்ஸுக்கு ஓடினேன்.

திருப்போரூர் வழியாகச் செங்கல்பட்டு பஸ். முன் கண்ணாடியில் வாழைக்கன்று இன்னும் கட்டியிருந்தது, டிரைவருக்கு ரோடு எப்படித் தெரிந்ததோ. ஒவ்வொரு கடை வாசலிலும் உடைந்த பூசணிக்காய். எனக்கு அந்தப் பூசணிக்காயைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வந்தது. முதலாளிக்குப் போன் போட்டேன். காவல்காரனை யார் நிறுத்தியது என்று கேட்டேன்.

"நான்தாம்மா. எல்லாம் தூங்கறப்போ அது மட்டும் இன்னாத்துக்கு முழிச்சினு இருக்கணும்னு..."

"அண்ணா, அது முழிச்சினு இருந்தாத்தாண்ணா மத்தது எழுந்திரிக்கும்!" பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. "எங்க நைனா அங்க நாற்காலியில கீறாருண்ணா. தெரியுமா உங்களுக்கு? இன்னாவது ஆச்சின்னா உங்க பொட்டை எங்க வெப்பீங்க?"

இன்னும் என்னென்னவோ கத்தினேன். அவர், "நானும் வரேம்மா" என்று மட்டும் சொல்லி வைத்தார்.

சென்டருக்குள் நுழைந்தேன். நாற்காலிகள் எல்லாவற்றிலும் ஆள் இருந்தது. அப்பாவின் நாற்காலியில் அப்பா இல்லை. அங்கே ஒரு அம்மாள் படுத்திருந்தார். சதுரங்கப்பட்டினம் பக்கம் மீன் விற்கிறவர், அப்பாவின் பேச்சில் அடிக்கடி வருவார், முன்பு ஒருமுறை பார்த்தும் இருந்ததால் அடையாளம் தெரிந்தது. அப்பா எங்கே என்று திரும்பினால், வெளியே ஓரமாகக் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சாயவில்லை. சாய முடியாமல், இரண்டு கையையும் முட்டியில் ஊன்றிக்கொண்டு, வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். கையில் ஊசி போட்ட தடமே இல்லை.

எனக்குப் பயம் வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும்.

"அறிவு கீதா நைனா உனக்கு? போட்டுட்டாங்கன்னு சொன்னியே!"

அவர் கையை மட்டும் அசைத்தார், கத்தாதே என்று. பேச மூச்சு போதவில்லை. சிஸ்டர்தான் ஓடி வந்து சொன்னார். "நான் இவரைத்தான் முதல்ல கூப்ட்டேன் மேடம். எனக்கு ஒண்ணுமில்ல, மத்தவங்களுக்குப் போடுங்கன்னு வரவே இல்ல. அப்புறம் கம்ப்யூட்டர் வந்ததும் மறுபடி கூப்ட்டேன். அந்தம்மா அடுத்த ஷிப்டு, ஆனா மூச்சு வாங்கிகினு சீக்கிரமே வந்துட்டாங்க. என் நாற்காலியை அவங்களுக்குக் குடுங்கன்னுட்டாரு."

நாற்காலியில் இருந்த அம்மாள் தலையைத் தூக்கினார். "நான் வேணாம்னுதாம்மா சொன்னேன். 'எம்பொண்ணு மிஷினாலதான இத்தினி பேரு காத்துகினு கீறீங்கோ, நான் எப்டி முன்னாடி போய்ப் படுக்கறது'ன்னு கேக்குது உங்கப்பா. இன்னா மனுசன்!"

வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் நல்ல மனுஷர் என்று சொல்லிவிட்டுப் போயிருப்பேன். என் அப்பா என்பதால் அங்கேயே அவரை உலுக்க வேண்டும் போல இருந்தது. சிஸ்டர் டாக்டரை நேரில் வரவழைத்தார். டாக்டர் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டு, முகத்தைச் சுளித்து, ஆக்சிஜன் மாட்டச் சொன்னார். காலையில் முதலில் போட்டவர்களில் எடை கிட்டத்தட்டச் சரியாகிவிட்ட ஒருவரைக் கொஞ்சம் முன்னதாகவே இறக்கினார்கள். அந்த நாற்காலியைத் துடைத்து மிஷினைத் தயார் செய்வதற்குள் எனக்குப் பிராணன் போய்விட்டது. அப்பாவின் உதடு ஒரு மாதிரி நிறம் மாறியிருந்தது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேறு எதுவும் செய்யத் தெரியவில்லை. மும்பையில் இருக்கும் சர்வர்களை வரிசைப்படி எழுப்பத் தெரிந்த எனக்கு, அந்த இடத்தில் கையைப் பிடித்துக்கொள்வது மட்டும்தான் வேலை.

ஊசி ஏறியது. சிஸ்டர் திரையில் அப்பாவின் பெயரைத் தட்டினார். போன முறை எடை, எடுத்த தண்ணீர், வந்த மயக்கம், எல்லாம் வந்தது. அளவு வைத்தார். ரத்தம் குழாயில் ஓடத் தொடங்கியது.

அந்த நேரத்தில்தான் முதலாளி வந்து சேர்ந்தார். மாமல்லபுரத்திலிருந்து பைக்கில், திருக்கழுக்குன்றம் வழியாக. கையில் குலையோடு இளநீர். குற்ற உணர்ச்சியில் வழியில் நிறுத்தி வாங்கியிருக்கிறார். சிஸ்டர் பார்த்ததும் பாய்ந்து வந்தார்.

"ஐய, இளநியா? டயாலிசிஸ் ஆளுங்களுக்கு இளநி ஆகவே ஆகாது சார்! ஆளைக் காலி பண்ணப் பாக்கறீங்களா? மொதல்ல வெளிய எடுத்துகினு போங்க."

டயாலிசிஸ் மென்பொருள் விற்கும் கம்பெனியின் முதலாளி குலையைத் தூக்கிக்கொண்டு வாசலில் போய் நின்றார். நாற்காலிகளில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஆக்சிஜனுக்குள் அப்பாவும் சிரித்த மாதிரிதான் இருந்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

சாயங்காலத்துக்குள் அப்பாவுக்கு மூச்சு சமப்பட்டது. பேச்சும் வந்துவிட்டது. ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டேன்.

"நெசத்தைச் சொல்லியிருந்தா நீ கை நடுங்கிகினு வேலை பாத்திருப்ப. அப்பால எல்லாத்துக்கும்தான் பேஜாரு."

இதுதான் இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியாதது. அவருக்குச் சர்வரைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. என்னைத் தெரியும், அவ்வளவுதான். அவர் நிஜத்தைச் சொல்லியிருந்தால் நான் எல்லாவற்றையும் ஒரே அமுக்காக அமுக்கியிருப்பேன். காலியான திரை எல்லா சென்டருக்கும் போயிருக்கும். அதற்காக அவர் செய்தது சரி என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். பெஞ்சில் கையை ஊன்றிக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தவள்.

வேலையை விட்டுவிடலாம் என்று சில நாள் நினைத்தேன். விடவில்லை. காவல்காரனை இனி யாராலும் செல்போனில் தட்டி நிறுத்த முடியாதபடி பூட்டுப் போட்டேன், முதலாளியாலும் முடியாது. வேறு ஊரில், சர்வரை வாடகைக்கு விடும் வேறொரு கம்பெனியில் இன்னொரு காவல்காரனை வைத்தேன். இது அதைக் கவனிக்கும், அது இதைக் கவனிக்கும், எது படுத்தாலும் மற்றது எனக்குப் போன் போடும். அடுத்த ஆயுத பூஜைக்கு முதலாளி வழக்கம்போல எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தார். சர்வர்கள் லீவில் போகவில்லை. திரையில் காவல்காரனின் பச்சைப் புள்ளிக்கு மட்டும் கொஞ்ச நேரம் தனியாகக் கற்பூரம் காட்டினார்.

இன்னொன்றும் செய்தேன். இதை ஆபீசில் யாரிடமும் சொல்லவில்லை. ஊசி போட்டு மிஷின் ஓடத் தொடங்கியதும் சிஸ்டர் திரையில் ஒரு பட்டனை அமுக்குவார். அப்பாவின் பெயரில் அது அமுக்கப்பட்டால் அந்த நிமிஷமே எனக்கு ஒரு மெசேஜ் வரும்படி எழுதிக்கொண்டேன். நோயாளிகளின் விவரத்தை இப்படிச் சொந்தக் காரியத்துக்குத் தொடக் கூடாது. அந்த விதியை எழுதி வைத்ததே நான்தான்.

அப்பாவுக்கு இது தெரியாது. முறை வருகிற நாளெல்லாம் காலையில் போன் போடுவார். போன வாரமும் போட்டார்.

"போட்டுட்டாங்கம்மா. படுத்துகினு கீறேன். உனக்கு நாஸ்தா ஆச்சா?"

போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். மெசேஜ் வரவில்லை.

"ஆச்சு நைனா" என்றேன்.

வைத்துவிட்டார். தோசையைத் தட்டில் வைத்துக்கொண்டு, போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தோசை ஆறியது, சட்னி காய்ந்தது. அன்றைக்கு யாருக்கு விட்டுக்கொடுத்தாரோ. வெகுநேரம் கழித்து மெசேஜ் வந்தது. அதற்குப் பிறகுதான் சாப்பிட்டேன்.